பரிந்துரை அளவு என்பது யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட, நாளொன்றுக்கான சத்துப் பரிந்துரை அளவுகளைச் சென்ற இதழில் ஒரு பக்க அட்டவணையாகக் கொடுத்திருந்தோம். கலோரி, புரதம், இரும்பு, கால்சியம் என்று எண்கள் மட்டுமே இருந்த அந்தப் பக்கத்துக்கு, எதிர்பார்த்ததைவிட அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலர் அந்த எண்களைத் தேர்வில் தேறுவதற்கான மதிப்பெண் போல எடுத்துக்கொண்டு, தாங்கள் தோற்றுவிட்டதாகக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை எல்லாக் கேள்விகளும் அந்த அட்டவணையைப் பற்றியவையே.

*

எனக்கு வயது 34. ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் கைப்பேசிச் செயலியில் பதிந்து பார்த்தேன். இரும்புச் சத்து ஒரு நாளைக்குச் சராசரியாக 20 மில்லிகிராம் என்று காட்டுகிறது. உங்கள் அட்டவணையில் பெண்களுக்கு 29 என்று இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறைவதால் எனக்கு ரத்தசோகை இருக்குமோ? மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இந்தக் கணக்கை மட்டும் வைத்து மாத்திரைக்குப் போக வேண்டாம். 29 என்ற எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒரே வயதும் ஒரே எடையும் உள்ள ஆரோக்கியமான நூறு பெண்களை எடுத்துக்கொண்டாலும், எல்லோருக்கும் ஒரே அளவு இரும்பு தேவைப்படுவதில்லை. மாதவிலக்கில் இழக்கும் ரத்தத்தின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதால், ஒருத்திக்குப் போதுமானதைப் போல இரண்டு மடங்கு இன்னொருத்திக்கு வேண்டியிருக்கலாம். இந்த நூறு பேரின் தேவைகளை வரிசையாக வைத்து நடுவில் நிற்கும் அளவை எடுத்தால், அதற்குச் சராசரித் தேவை என்று பெயர். இந்தியப் பெண்களுக்கு அது 15 மில்லிகிராம். எல்லோரும் சரியாக அவ்வளவே உண்டால் பாதிப் பேருக்குப் போதும், மீதிப் பாதிப் பேருக்குப் போதாது. ஏறக்குறைய 97 அல்லது 98 பேருக்குப் போதும்படி அந்த அளவை மேலே தூக்கி வைத்திருப்பதுதான் 29. பொட்டலங்களிலும் செயலிகளிலும் ஆர்.டி.ஏ. என்று வருவது இந்தப் பரிந்துரை அளவுதான்.

ஆக, உங்களுடைய 20 சராசரித் தேவைக்கு மேலேயும் பரிந்துரை அளவுக்குக் கீழேயும் நிற்கிறது. உங்களுக்குப் போதுமானதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் இதற்குப் பொருள், போதாமலும் இருக்கலாம். உங்கள் சொந்தத் தேவை எவ்வளவு என்று எந்தச் செயலிக்கும் தெரியாது. மாதவிலக்கில் உங்களுக்கு ரத்தப்போக்கு அதிகமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். அதிகம் என்றால் நீங்கள் அந்த வரிசையின் மேல் பகுதியில் இருக்கிறீர்கள் என்று கொள்ள வேண்டும்.

ரத்தசோகை இருக்கிறதா என்பதைச் சாப்பாட்டுக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கருவுறாத பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பார்கள். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற அளவையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு உங்கள் செயலி காரணமல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்ததுதான் காரணம்.

மாத்திரை பற்றியும் ஒரு சொல். பரிந்துரை அளவைப் போலவே, ஆரோக்கியமானவர்கள் தாண்டக்கூடாத உச்ச வரம்பு என்று ஒன்றும் உண்டு; இரும்புக்கு அது நாளொன்றுக்கு 45 மில்லிகிராம். தாமாக மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுவார்கள். அதைவிட, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கம்பு, பருப்பு, கீரை ஆகியவற்றிலிருந்து இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காப்பி வேண்டாம் என்று 2024-ல் வந்த தேசிய உணவு வழிகாட்டுதல்களே கூறுகின்றன. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால், உள்ளே போகும் அதே 20 மில்லிகிராமிலிருந்து உடல் அதிகமாக எடுத்துக்கொள்ளும்.

*

நான் 52 கிலோ எடை. முட்டை, கறி சாப்பிட மாட்டேன். எங்கள் வீட்டில் அரிசி பருப்புச் சாதம், கொள்ளு, ராகிக்களி, தயிர் இவைதான் பெரும்பாலும். பெண்களுக்கு 46 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறீர்கள். இந்தச் சாப்பாட்டில் அவ்வளவு வருமா? செயலியில் கணக்குப் போட்டால் ஒரு நாள் 70 என்கிறது, மறுநாள் 30 என்கிறது.
– வாசகி, பெருந்துறை

முதலில் அந்த 70, 30 குழப்பத்தைத் தீர்ப்போம். அட்டவணைகளில் தானியம், பருப்பு எல்லாம் வேகவைக்காத எடையில்தான் பெரும்பாலும் இருக்கும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 8 கிராம் புரதம் உண்டு. அதே அரிசி தண்ணீரைக் குடித்து 250 முதல் 300 கிராம் சாதமாகிவிடுவதால், 100 கிராம் சாதத்தில் 3 கிராம் அளவில்தான் இருக்கும். தட்டில் உள்ள 300 கிராம் சாதத்தை ‘அரிசி 300 கிராம்’ என்று பதிந்தால் புரதமும் கலோரியும் மூன்று மடங்காகத் தெரியும். களிக்கும் கொள்ளுக்கும் இதே கதைதான். சமைப்பதற்கு முன் வீட்டுக்கு மொத்தமாக எவ்வளவு அளந்து போட்டீர்கள் என்று பார்த்து, அதில் உங்கள் பங்கைக் கணக்கிடுவதே நம்பத்தகுந்த வழி.

இனி உங்கள் கணக்கு. 46 கிராம் என்பது 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு. ஒரு கிலோ எடைக்குச் சராசரித் தேவை 0.66 கிராம், பரிந்துரை அளவு 0.83 கிராம், ஆகவே 52 கிலோவுக்கு 43 கிராம் வரும். ஆனால் இந்த 0.83, பாலும் முட்டையும் பருப்பும் கலந்த தரமான புரதத்துக்குச் சொன்னது. தானியமே பெரும்பகுதியாக உள்ள சாப்பாட்டில் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. எனவே உங்கள் இலக்கு 43-க்கும் 52-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

நீங்கள் எழுதிய சாப்பாட்டையே, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். நாள் முழுதுக்கும் அரிசி 200 கிராம் என்றால் 16 கிராம் புரதம். களிக்கு ராகி மாவு 50 கிராமில் மூன்றரை. துவரம்பருப்பு 35 கிராமில் ஏழரை. கொள்ளு 30 கிராமில் ஆறரை. பாலும் தயிருமாக 300 மில்லியில் பத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஏறக்குறைய 43 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி நிலக்கடலை, அதாவது 20 கிராம், சேர்த்தால் 48 ஆகிவிடும். புரத மாவு டப்பா எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்கு நிற்பது பருப்பின் அளவில்தான். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாக உள்ள மெதியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் இரண்டின் புரதமும் முழுதாகப் பயன்படும். மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு என்று நம் பக்கத்தில் அரிசி பருப்புச் சாதத்துக்கு அளக்கிறோமே, அது சத்துக் கணக்கிலும் மிகச் சரியான அளவு. பருப்பு விலை ஏறும் மாதங்களில் அந்த ஒரு டம்ளர் அரை டம்ளராகச் சுருங்கிவிடுகிறது. அப்போது சாதத்தின் நிறம் மாறாதபடி மஞ்சள்தூள் பார்த்துக்கொள்ளும், புரதத்தை அது பார்த்துக்கொள்ளாது. அந்த மாதங்களில் துவரைக்குப் பதில் கொள்ளையோ பச்சைப்பயறையோ கடைந்து ஈடுகட்டுங்கள். கொள்ளை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ரசம் வைப்பதை நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

பிஸ்கட் பொட்டலத்தில் ‘2000 கலோரி’ என்று அச்சிட்டிருக்கிறது. நான் பனியன் கம்பெனியில் டெய்லர், கணவர் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் இருவருக்கும் 2000 கலோரிதானா?
– வாசகி, திருப்பூர்

இருவருக்கும் அல்ல. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, எல்லாப் பொட்டலங்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட வசதியாக வைத்துக்கொண்ட எண்தான் 2000. அதனுடன் கொழுப்பு 67 கிராம், நிறைகொழுப்பு 22 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்றும் வைத்து, பொட்டலத்தில் உள்ள ஒரு பரிமாறல் இவற்றில் எத்தனை சதவீதம் என்று அச்சிடுகிறார்கள். சோடியம் 15 சதவீதம் என்று போட்டிருந்தால் அது 300 மில்லிகிராம், அதாவது முக்கால் கிராம் உப்பு. பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பதில் உண்மையான பயன் இதுதான். ஒரு பரிமாறல் என்று அவர்கள் சொல்வது எத்தனை பிஸ்கட் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் தேவைக்கு அட்டவணையில் வேறு எண்கள் இருக்கின்றன. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1660 கலோரி, மிதமான உழைப்பு என்றால் 2130, கடும் உழைப்பு என்றால் 2720. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இவையே 2110, 2710, 3470 ஆகும். இந்திய நிபுணர் குழுக்களின் பட்டியலில் டெய்லர் உட்கார்ந்த வேலையிலும், நெசவாளி மிதமான உழைப்பிலும் வருகிறார்கள். அந்தப்படி உங்களுக்கு 1660, உங்கள் கணவருக்கு 2710. ஒரே வீட்டில் ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசம். ஒரே பாத்திரத்தில் சமைத்து ஒரே அளவாகப் பரிமாறினால் ஒருவருக்குக் கூடும், மற்றவருக்குக் குறையும்.

இந்தப் பட்டியல்மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதன் பழைய வடிவத்தில் இல்லத்தரசியை உட்கார்ந்த வேலையில் சேர்த்திருந்தார்கள், தபால்காரரையும் அப்படியே. விடியலில் எழுந்து இரண்டு எருமைக்குத் தீவனம் வைத்து, பால் கறந்து, சாணி அள்ளி, தண்ணீர் சுமந்து, அதன்பிறகு அடுப்படிக்குப் போகும் பெண்ணைப் பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். தொழிலின் பெயரைப் பார்க்காமல், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், நடக்கிறீர்கள், சுமக்கிறீர்கள் என்று பார்த்து எந்த வரிசை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சில மாதங்களாக எடை மாறாமல் இருந்தால் உண்பதும் செலவாவதும் சமம் என்று பொருள். கலோரிக்கு அதைவிடச் சிறந்த சோதனை வீட்டில் இல்லை.

*

மகள் ஐந்து மாதக் கர்ப்பம். பெண்களுக்கு இரும்பு 29, கர்ப்பிணிகளுக்கு 27 என்று உங்கள் அட்டவணையில் இருக்கிறது. கர்ப்பத்தில் குறைவாகவா தேவைப்படும்? அச்சுப் பிழையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையிலோ 60 மில்லிகிராம் என்றிருக்கிறது. நீங்களே 45 தாண்டக்கூடாது என்கிறீர்கள். மாமியார் வேறு ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடு’ என்று தட்டை நிரப்புகிறார்.
– வாசகி, பொள்ளாச்சி

அச்சுப் பிழை இல்லை. வந்த கடிதங்களில் மிகக் கூர்மையான கேள்வி உங்களுடையதுதான்.

சராசரித் தேவையைப் பாருங்கள்: கருவுறாத பெண்ணுக்கு 15, கர்ப்பிணிக்கு 21. தேவை உயர்ந்துதான் இருக்கிறது. ஆனால் மாதவிலக்கு நின்றுவிடுவதால், ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் இருந்த பெரிய வேறுபாடு கர்ப்ப காலத்தில் மறைந்துவிடுகிறது. வேறுபாடு குறைவாக இருக்கும்போது, நூற்றில் 97 பேரையும் எட்டுவதற்கு அதிக தூரம் தூக்க வேண்டியதில்லை. 21-லிருந்து 27 போதும். கருவுறாதவர்களுக்கோ 15-லிருந்து 29 வரை தூக்க வேண்டியிருந்தது. தவிர, கர்ப்பம் வளர வளர உணவிலிருந்து இரும்பை உறிஞ்சும் திறனும் கூடுகிறது. பரிந்துரை அளவை மட்டும் பார்த்துச் சராசரித் தேவையைப் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் தலைகீழாகத் தெரியும்.

45 என்ற வரம்பு, ஆரோக்கியமானவர்கள் தாமாக உண்பதற்கு. கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையை 180 நாட்களுக்குத் தருவது மருத்துவக் கண்காணிப்பில் நடப்பது. நம் நாட்டில் பெரும்பாலான பெண்கள் குறைந்த இரும்பு இருப்புடனேயே கருவுறுகிறார்கள் என்பதால் ஏற்பட்ட ஏற்பாடு அது. மகள் அதை நிறுத்தக் கூடாது. மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட வேண்டியதில்லை. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். ஒன்று மற்றதைத் தடுக்கும். பாலுடனோ டீயுடனோ இரும்பு மாத்திரையைப் போடுவதும் அப்படியே.

சம்பந்தி அம்மாளின் அன்பை மதித்துக்கொண்டே ஒன்றைச் சொல்லிவிடலாம். கர்ப்பத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்ந்தால் அவ்வளவுதான். ஆனால் புரதத்தின் தேவை அதைவிட வேகமாக ஏறுகிறது: நடு மூன்று மாதங்களில் கூடுதலாக ஒன்பதரை கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம். ஆகவே தட்டில் கூட வேண்டியது சாதமல்ல. பருப்பு, முட்டை, பால். முட்டை சாப்பிடுபவர் என்றால் ஒரு முட்டையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம் வந்துவிடும்.

*

1980-களின் இறுதியில் பயிற்சிக்குச் சென்றபோது எழுதி வைத்த சத்து அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் கால்சியம் 400, வைட்டமின் சி 40, ஆண்களுக்குப் புரதம் 60. இப்போது 1000, 80, 54 என்கிறீர்கள். மனித உடம்பா மாறிவிட்டது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தாராபுரம்

உடம்பு அவ்வளவாக மாறவில்லை, ஐயா. அதை அளக்கும் முறைகளும் அளப்பவர்களின் கருத்தும் மாறியிருக்கின்றன. இந்த வரலாறு நமக்கு மிக அருகில் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-ல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவுதான், பின்னாளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இந்தியருக்கென்று முதல் பரிந்துரை அளவுகள் 1944-ல் வந்தன. 1968, 1978, 1988, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் அவை திருத்தப்பட்டன. கால்சியத்தைப் பொறுத்தவரை, குறைவாக உண்டு பழகிய உடல் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்ற எண்ணம் முன்பு வலுவாக இருந்தது. எலும்பின் வலிமையையும், சிறுநீரிலும் வியர்வையிலும் கழியும் கால்சியத்தையும் கணக்கில் எடுத்தபோது அந்த எண்ணம் தளர்ந்தது. 400 என்பது 2010-ல் 600 ஆகி, 2020-ல் 1000 ஆனது. புரதம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. முன்பு கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்து, 60 கிலோ ஆணுக்கு 60 கிராம் என்றார்கள். 2007-ல் வெளியான உலகச் சுகாதார நிறுவனக் குழுவின் மதிப்பீட்டை ஒட்டி இப்போது 0.83 ஆக்கியிருக்கிறார்கள், அதே சமயம் மாதிரியாகக் கொள்ளும் ஆணின் எடையை 60-லிருந்து 65 கிலோவாக உயர்த்தியதால் 54 வருகிறது. தானியச் சாப்பாட்டுக்குக் கிலோவுக்கு 1 கிராம் என்று மேலே சொன்னேனே, அது உங்கள் பழைய எண்ணேதான், முற்றிலும் காலாவதியாகிவிடவில்லை. கால்சியம் வரியை மட்டும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

*

கால்சியம் 1000 மில்லிகிராம் என்றால், ராகியில் 100 கிராமுக்கு 364 என்ற கணக்கில் தினம் கால் கிலோவுக்கு மேல் ராகி தின்ன வேண்டுமே, முடியுமா?
– வாசகர், காங்கேயம்

ஒரே பொருளின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றினால் எந்தச் சத்தும் நடக்காத காரியமாகத்தான் தோன்றும். ஒரு களி உருண்டைக்கு 75 கிராம் மாவு என்று வைத்தால் 270 மில்லிகிராம் வந்துவிடும். பாலும் மோரும் தயிருமாக 300 மில்லி சேர்ந்தால் 350. முருங்கைக்கீரை 100 கிராமில் 314. இதிலேயே 930-ஐ எட்டிவிட்டீர்கள். எள்ளுப்பொடி ஒரு கரண்டி போட்டுக்கொண்டால் ஆயிரம் தாண்டும். கீரை எல்லா நாளும் வராது என்பது தெரிந்ததே. சராசரித் தேவை 800 என்பதால், கீரை இல்லாத நாளில் நடுங்க வேண்டியதில்லை. வாரக் கணக்கில் சரியாக வந்தால் போதும். ராகியில் உள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியம் சேர்வதை ஓரளவு தடுக்கும். முளைகட்டி அரைத்தாலும், மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினாலும் அது குறையும்.

*

நாட்டுச்சர்க்கரை உடம்புக்கு நல்லது, அதற்கு அளவு கிடையாது என்கிறார்களே?
– வாசகி, அந்தியூர்

அளவு உண்டு. நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் சர்க்கரைதான். பத்து கிராம் வெல்லத்தில் இரும்பு அரை மில்லிகிராம் வரும். கலோரி வெள்ளைச் சர்க்கரையைவிடச் சிறிதளவே குறைவு. சேர்த்த சர்க்கரை நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராமுக்குள் என்று 2024 வழிகாட்டுதல்கள் சொல்வதில் இதுவும் அடக்கம். ஒப்பிட்டு (போளி), கச்சாயம் போன்ற இனிப்புப் பலகாரங்கள் நோன்பி நாளோடு நிற்கட்டும்.

*

சைவம் மட்டும் உண்பவர்களுக்கு பி12 எந்தக் கீரையில் கிடைக்கும்?
– வாசகர், பவானி

எந்தக் கீரையிலும் கிடைக்காது. தாவர உணவில் நம்பத்தகுந்த பி12 இல்லை. பால், தயிர், மோர் இவற்றை ஒரு நாளும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போதல், நாக்கு எரிச்சல், காரணம் தெரியாத அசதி இருந்தால் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்து, மருத்துவர் சொல்லும்படி மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வதுதான் வழி.

*

மகன் ஜிம்முக்குப் போகிறான். எடை 70 கிலோ. கிலோவுக்கு 2 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும், உங்கள் 0.83 சோம்பேறிகளுக்கு என்கிறான்.
– வாசகர், நாமக்கல்

அவன் சொல்வதில் பாதி சரி. பளு தூக்குபவருக்கு 0.83-ஐவிட அதிகம் வேண்டும். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சிக்குக் கூடுதல் பயன் இல்லை என்றும், புரத மாவுகளைத் தவிர்ப்பதே நல்லது என்றும் 2024 வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. 70 கிலோவுக்கு அது 112 கிராம். முட்டைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு டப்பா வாங்க வேண்டுமா என்று மகனிடமே கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

*

அறுபது மாணவிகள் தங்கும் விடுதியின் சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. வயது 13 முதல் 18 வரை. மொத்தப் பொருளை அறுபதால் வகுத்தால் ஒருவருக்கு இரும்பு 30 மில்லிகிராம் வருகிறது. பரிந்துரை அளவு வந்துவிட்டது என்று திருப்தி அடையலாமா?
– விடுதிக் காப்பாளர், சத்தியமங்கலம்

இவ்வளவு அக்கறையாகக் கணக்குப் பார்க்கும் விடுதிகள் குறைவு. ஆனாலும் இப்போதே திருப்தி அடைய வேண்டாம். அறுபதால் வகுத்து வந்தது சராசரி. அறுபது பேரும் அந்தச் சராசரியை உண்பதில்லை. கம்பு தோசை என்றால் மூன்று கேட்கும் மாணவியும் இருப்பாள், கீரைக் கடைசலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்து போகும் மாணவியும் இருப்பாள். எனவே ஒரு கூட்டத்தின் சாப்பாட்டை மதிப்பிடும்போது, சராசரி பரிந்துரை அளவை எட்டியதா என்று பார்ப்பது பயன்தராது. எத்தனை பேர் அந்த வயதுக்குரிய சராசரித் தேவைக்குக் கீழே உண்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2020 அறிக்கை இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கொடுத்ததன் முக்கியக் காரணமே இதுதான்.

அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அறுபது பேரில் பத்துப் பன்னிரண்டு பேரை, நன்றாகச் சாப்பிடுபவர்கள், கொறிப்பவர்கள் எல்லோரும் கலந்திருக்கும்படி தேர்ந்தெடுங்கள். தொடர்ச்சியாக இல்லாத மூன்று நாட்களில், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், ஒவ்வொருத்தியும் தட்டில் எடுத்ததையும் மீதி வைத்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். குழம்புக் கரண்டி, சாதக் கரண்டி ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் ஒருமுறை தராசில் நிறுத்து வைத்துக்கொண்டால் பிறகு கரண்டிக் கணக்கே போதும். யார் தட்டில் எது மீதியாகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலும் அது கீரையும் பருப்பும்தான்.

பரிந்துரை அளவு 13 முதல் 15 வயது வரை 30, 16 முதல் 18 வயது வரை 32 என்பதால், மூத்த மாணவிகளுக்கு உங்கள் சராசரியே சற்றுக் குறைவு. அரிசியில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை, கம்பிலோ ஆறுக்கு மேல், கொள்ளில் எட்டுக்கு மேல். எனவே வாரத்தில் இரண்டு காலைகளில் இட்லிக்குப் பதில் கம்பு தோசை, மூன்று நாள் கொள்ளுப் பருப்பு என்று மாற்றினால் செலவு கூடாமலே எண் உயரும். வாரந்தோறும் தரும் நீல நிற இரும்பு மாத்திரையை மாணவிகள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளாமல் உங்கள் கண்ணெதிரே, சாப்பிட்ட பிறகு விழுங்கச் செய்யுங்கள். காலைச் சாப்பாட்டுடன் ஊற்றும் டீயை மாலை நான்கரை மணிக்கு மாற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டில் பாதிக் கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ வைக்க முடியுமா என்று பாருங்கள். சத்தியமங்கலம் சந்தையில் இரண்டும் மலிவாகக் கிடைக்கும் பருவத்திலேயே இந்த மாற்றத்தைத் தொடங்குவது சமையல்காரருக்கும் எளிது.